செல்கள் இருக்கின்றன, சுரப்புதான் தளர்கிறது

ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை 1961-இல் தொடங்கப்பட்டது. முதல் விஜயந்தா டாங்கி அங்கிருந்து 1965-இல் வெளியே வந்தது. அம்பத்தூர் தொழிற்பேட்டை எழுந்ததும் அதே பத்தாண்டில்தான். அன்று இருபது, இருபத்திரண்டு வயதில் லேத்திலும் ஃபவுண்டரியிலும் வேலைக்குச் சேர்ந்தவர்கள் இன்று எண்பதைத் தாண்டிவிட்டார்கள். திருமுல்லைவாயில், பட்டாபிராம், பூந்தமல்லி என்று அன்று வாங்கிப்போட்ட மனைகளில் கட்டிய வீடுகளில்தான் அவர்களில் பலர் இன்னும் இருக்கிறார்கள். பருத்திப்பட்டு ஏரிக்கரை நடைபாதையில் காலை ஆறு மணிக்குப் போனால் அந்தத் தலைமுறையின் நடையைப் பார்க்கலாம். சிலருக்கு எட்டு குறுகியிருக்கிறது. சிலருக்கு ஒரு கை மட்டும் வீசுவதில்லை. திரும்ப நினைத்தால் நின்று, கணக்குப் போட்டுத் திரும்புகிறவர்களும் உண்டு. வீட்டார் இவை எல்லாவற்றுக்கும் ஒரே காரணம்தான் சொல்கிறார்கள்: "வயசாயிடுச்சு."

அந்தச் சொல்லுக்குள் மூளையில் உண்மையில் என்ன நடக்கிறது என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி. இது சிறிய கூட்டத்தைப் பற்றியதும் அல்ல. 2021-க்கான மதிப்பீட்டின்படி தமிழ்நாட்டு மக்கள்தொகையில் 13.6 விழுக்காட்டினர் 60 வயதைக் கடந்தவர்கள்; 2031-இல் அது 18 விழுக்காட்டைத் தாண்டும் என்பது கணிப்பு. முதியோர் விகிதத்தில் கேரளத்துக்கு அடுத்த இடம் நமக்குத்தான்.

உடல் அசைவைத் தொடங்கிவைப்பது, எடுத்த வேலையை நினைவில் நிறுத்துவது, ஒன்று கிடைக்கும் என்று எதிர்பார்த்து அதை நோக்கி நகர்வது ஆகிய மூன்றிலும் டோபமைன் என்ற மூளை வேதித்தூதுக்குப் பங்கு உண்டு. அதைச் சுரக்கும் முக்கியச் செல்கள் நடுமூளையில் சப்ஸ்டான்ஷியா நைக்ரா என்ற இடத்தில் இருக்கின்றன. மனித மூளையை வெட்டிப் பார்த்தால் வெறும் கண்ணுக்கே கறுப்புப் பட்டையாகத் தெரியும் இடம் அது. இனிக் கரும்பகுதி என்று சொல்வோம். கறுப்புக்குக் காரணம் நியூரோமெலனின் என்ற நிறமி. வயது ஏற ஏற அது செல்லுக்குள் சேர்ந்துகொண்டே போகும். எலியின் மூளையில் இந்தக் கறுப்பு கிடையாது. குரங்குகளில் உண்டு. முதுமையும் டோபமைனும் பற்றிய ஆய்வில் எலியை மட்டும் நம்ப முடியாமல் போனதற்கு இது ஒரு காரணம்.

இன்னொரு காரணம் செல்லின் உருவம். கரும்பகுதியில் இருக்கும் டோபமைன் செல்கள் சில லட்சம்தான். ஆனால் மனிதனில் அவை ஒவ்வொன்றும் ஸ்ட்ரயேட்டம் என்ற முன்மூளைப் பகுதிக்குள் இழை விட்டுக் கிளைத்து, பத்து லட்சம் முதல் இருபத்துநான்கு லட்சம் வரையான இணைப்புகளை ஏற்படுத்துகின்றன என்று ஒரு மதிப்பீடு உண்டு. ஒரே செல்லின் இழைகளை நீட்டிவைத்தால் நான்கு மீட்டரைத் தாண்டும் என்றும் அதே கணக்கு சொல்கிறது. இவ்வளவு பெரிய பரப்பை எண்பது ஆண்டு பராமரிக்க வேண்டிய செல், ஈராண்டோ மூன்றாண்டோ வாழும் எலியின் செல்லைப் போல முதுமை அடையாது.

டைரோசின் என்ற அமினோ அமிலத்தை டைரோசின் ஹைட்ராக்சிலேஸ் நொதி எல்-டோபாவாக மாற்றுகிறது. இன்னொரு நொதி அதை டோபமைன் ஆக்குகிறது. டோபமைன் நுண்பைகளில் அடைக்கப்பட்டு, மின்துடிப்பு வரும்போது வெளியே கொட்டுகிறது. எதிர்ப்புறச் செல்லின் ஏற்பிகளில் படிகிறது. மீந்ததை ஒரு கடத்திப் புரதம் உள்ளே இழுத்துக்கொள்கிறது. முதுமை இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணியிலும் கை வைக்கலாம். செல் சாவது அவற்றில் ஒன்று மட்டுமே.

செல் சாகாமலே சுரப்பு நின்றுபோகும் என்பதை உலகுக்குக் காட்டியது ஒரு இந்திய வேர். சர்ப்பகந்தி நம் மருத்துவ மரபில் பழைய மூலிகை. கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போஸும் 1931-இல் அது இரத்த அழுத்தத்தைக் குறைப்பதையும் மனக்கலக்கத்தைத் தணிப்பதையும் எழுதினார்கள். 1949-இல் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் அதன் இரத்த அழுத்தப் பயனைப் பிரிட்டிஷ் இதழில் வெளியிட்ட பிறகுதான் மேற்கு திரும்பிப் பார்த்தது. 1952-இல் சுவிட்சர்லாந்தில் அந்த வேரிலிருந்து ரெசர்பின் பிரித்தெடுக்கப்பட்டது. ரெசர்பின் நுண்பைகளில் டோபமைனை ஏற்றும் புரதத்தை அடைத்துவிடும். பைகள் காலியாகும். 1957-இல் ஸ்வீடனில் அர்விட் கார்ல்சன் முயல்களுக்கு அதைச் செலுத்தினார். அவை காது தொங்கி அசையாமல் கிடந்தன. எல்-டோபா கொடுத்ததும் எழுந்து நடமாடின. அந்த முயல்களின் மூளையில் ஒரு டோபமைன் செல்லும் சாகவில்லை. கார்ல்சனுக்கு 2000-இல் நோபல் பரிசு கிடைத்தது.

அந்த எல்-டோபாவுக்கும் சென்னைக்கும் ஒரு பழைய தொடர்பு இருக்கிறது. இந்த ஊரில் அதிகம் பேசப்படாத தொடர்பு. கார்ல்சனின் சோதனைக்கு இருபது ஆண்டு முன்பே, 1937-இல், சேப்பாக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வகத்தில் எம். தாமோதரனும் ஆர். ராமசாமியும் பூனைக்காலி விதையிலிருந்து எல்-டோபாவைப் பிரித்தெடுத்துப் பயோகெமிக்கல் ஜர்னலில் வெளியிட்டார்கள். மூளையில் டோபமைனுக்குத் தனி வேலை இருப்பதாகவே அன்று யாரும் நினைத்திருக்கவில்லை. அவர்கள் தேடியது விதையின் வேதியியலைத்தான். பூனைக்காலி விதைப்பொடி பார்க்கின்சன் நோயாளிகளுக்கு வேலை செய்கிறது என்று 1990-களிலும் 2004-இலும் முறையான சிறு சோதனைகள் காட்டியதை வைத்து, "எல்லாம் நம்மிடம் அப்போதே இருந்தது" என்று மார்தட்டுவது எளிது. விதையில் இருந்தது மூலப்பொருள். அது எங்கே, எதற்காகத் தேவைப்படுகிறது என்ற அறிவு முயல்களிடமும், 1960-இல் வியன்னாவில் இறந்தவர்களின் மூளையை அளந்து பார்த்த ஓலே ஹோர்னிகீவிச்சிடமும்தான் கிடைத்தது.

பார்க்கின்சன் நோயில் கரும்பகுதிச் செல்கள் சாகின்றன என்பதில் ஐயமில்லை. நோயே இல்லாத முதியவரிடம் என்ன ஆகிறது? இதற்கு நெடுங்காலம் பாடநூல் விடையாக இருந்தது லண்டனில் ஃபெர்ன்லியும் லீஸும் 1991-இல் வெளியிட்ட எண்ணிக்கை. நலமாக வாழ்ந்து இறந்தவர்களின் மூளையில் பத்தாண்டுக்கு 4.7 விழுக்காடு வீதம் நிறமிச் செல்கள் குறைகின்றன என்றது அது. பார்க்கின்சன் நோயில் முதல் பத்தாண்டிலேயே ஏறக்குறைய பாதி போய்விடுகிறது. அழிவு படரும் இடமும் வேறு. நோயை வேகமான முதுமை என்று சொல்ல முடியாது என்பது அவர்களின் முடிவு. அது சரியான முடிவு. ஆனால் "முதுமை என்றால் செல் குறைவு" என்ற மற்றப் பாதியை எல்லாரும் கேள்வியின்றி ஏற்றுக்கொண்டார்கள்.

அதைக் கேள்வி கேட்டது பெங்களூரு. நிம்ஹான்ஸில் உதய் முத்தானே, டி.சி. யாஷா, எஸ்.கே. சங்கர் மூவரும் நரம்பு நோய் ஏதும் இல்லாத இந்தியர்களின் மூளைகளை எடுத்து, கரும்பகுதியின் நிறமிச் செல்களை எண்ணி, 1998-இல் அன்னல்ஸ் ஆஃப் நியூராலஜி இதழில் வெளியிட்டார்கள். இரண்டு விடைகள் வந்தன. பிரிட்டனில் எண்ணப்பட்ட மூளைகளைவிட இந்திய மூளைகளில் இந்தச் செல்கள் சுமார் 40 விழுக்காடு குறைவு. வயது ஏறுவதால் அந்த எண்ணிக்கை குறையவும் இல்லை.

முதல் விடை வாசகரைத் திடுக்கிட வைக்கும்; வைக்கவும் வேண்டும். 40 விழுக்காடு குறைவாக வைத்துக்கொண்டு ஒரு நாடே நடமாடுகிறது, நெசவு நெய்கிறது, ஆவடியில் டாங்கிக்கு வெல்டு அடிக்கிறது. செல் எண்ணிக்கைதான் எல்லாம் என்றால் பார்க்கின்சன் நோய் நம்மிடம் மலிந்திருக்க வேண்டும். கணக்கு எதிர்த்திசையில் போகிறது. 2004-இல் வெளியான பெங்களூருப் பகுதிக் கணக்கெடுப்பில் லட்சம் பேருக்கு 33 நோயாளிகளே இருந்தார்கள். ஐரோப்பிய எண்ணிக்கைகள் இதைவிடப் பல மடங்கு. பம்பாய்ப் பார்சிகளிடையே 1988-இல் எடுத்த கணக்கில் 328. பார்சிச் சமூகத்தில் முதியோர் மிகுதி என்பதைக் கழித்துப் பார்த்தாலும் இடைவெளி பெரியது. முத்தானே குழு அத்துடன் நிற்கவில்லை. இந்திய, ஐரோப்பியக் கலப்பில் வந்த ஆங்கிலோ இந்தியர்களிடம் 2003-இல் தேடினார்கள். அங்கும் நோய் குறைவாகவே தெரிந்தது. நைஜீரியர்களின் மூளையையும் பிரிட்டிஷ்காரர்களின் மூளையையும் அருகருகே வைத்து எண்ணும் வேலையிலும் முத்தானே பங்கேற்றார். அந்த ஆய்வு 2006-இல் வந்தது.

இந்த ஆய்வுகளை அப்படியே விழுங்கிவிடக் கூடாது என்பதும் என் கருத்து. நோயாளி எண்ணிக்கை குறைவாகத் தெரிவதற்கு நோயே குறைவு என்பது ஒரு காரணம். கண்டுபிடிக்காமல் விட்டது இன்னொன்று. வீட்டில் "வயசாயிடுச்சு" என்று சொல்லப்பட்ட தாத்தா எந்தக் கணக்கெடுப்பிலும் வருவதில்லை. இறந்தவர்களின் மூளையை எண்ணும்போதும் ஒரு சிக்கல் இருக்கிறது: ஒரே ஆளை இருபதிலும் எண்பதிலும் எண்ண முடியாது. வேறு வேறு தலைமுறையினரை ஒப்பிடுகிறோம். அவர்கள் உண்ட உணவு, பட்ட நோய், வாழ்ந்த ஊர் எல்லாம் வேறு. எண்பது வரை பிழைத்திருந்தவர் தொடக்கத்திலேயே நல்ல மூளையோடு வந்தவராகவும் இருக்கலாம். ஆனாலும் நிம்ஹான்ஸில் பல்குனி ஆனந்த் அல்லாடியும் சகாக்களும் 2009-இல் இன்னும் நுட்பமான முறைகளில் மீண்டும் பார்த்தபோது, வயதோடு டோபமைன் செல்கள் குறைவதை அவர்களும் காணவில்லை. எண்ணிக்கையைப் பற்றிய அந்தப் பழைய பாடம் எல்லா மக்களுக்கும் பொருந்தாது என்ற அளவுக்கு இதை நம்பலாம்.

அம்பத்தூர்க்காரருக்கு இதைச் சொல்ல ஒரு வழி உண்டு. கம்பெனியின் ஆள் பதிவேட்டைப் பார்த்து எத்தனை லோடு கேட்டைத் தாண்டியது என்று சொல்ல முடியாது. அதற்கு கேட்டில் போய் நிற்க வேண்டும். ஆனால் நலமாக உள்ள மனிதரின் கரும்பகுதிக்குள் ஆய்வுக்காக மின்முனையை இறக்கி டோபமைன் சுரப்பை நொடிக்கு நொடி அளக்க வழியில்லை. குரங்கில் உண்டு.

ரீசஸ் குரங்கு வட இந்தியாவின் செம்முகக் குரங்கு. நம் கோயில்களில் தேங்காய் பறிக்கும் குல்லாய்க் குரங்கின் நெருங்கிய உறவு. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் இந்தியா ஆண்டுதோறும் பல்லாயிரம் ரீசஸ் குரங்குகளை அமெரிக்க ஆய்வகங்களுக்கு ஏற்றுமதி செய்தது. 1978-இல் மொரார்ஜி தேசாய் அரசு அதை நிறுத்தியது. அதன் பிறகு அமெரிக்க மையங்கள் கையிருப்பில் இருந்தவற்றையே பெருக்கின. இன்றும் அவற்றை "இந்திய வழி" என்றுதான் குறிக்கிறார்கள். ரீசஸின் ஓராண்டு மனிதருக்கு ஏறத்தாழ மூன்றாண்டு. இருபத்தைந்து வயதுக் குரங்கு நம் எழுபத்தைந்து வயதுக்காரர். அதற்கும் நடை மெலியும், கை மெதுவாகும். பார்க்கின்சன் நோய் மட்டும் தானாக வராது. நோய் கலக்காத முதுமையைப் பார்க்க அதைவிட நல்ல துணை இல்லை.

முதிய ரீசஸ் குரங்குகளின் கரும்பகுதியில் டைரோசின் ஹைட்ராக்சிலேஸ் நொதியைக் காட்டும் செல்கள் குறைகின்றன, அந்தக் குறைவு கை வேகம் குறைவதோடு சேர்ந்து போகிறது என்று 1998-இல் மரீனா எம்போர்க் குழு காட்டியது. இங்கே கவனம் வேண்டும். நொதியைக் காட்டாத செல் செத்த செல் அல்ல. அணில் குரங்குகளை 2004-இல் ஆராய்ந்த டி மோண்டே குழு இதைப் பிரித்துக் காட்டியது: மொத்தச் செல்கள் அப்படியே இருக்கின்றன, ஆனால் வேலைக்கான நொதியை உருவாக்குவதை அவற்றில் பல நிறுத்திவிட்டன. செல் இருக்கிறது, நிறமி ஏறிப் போயிருக்கிறது, டோபமைன் செய்வதில்லை.

கென்டக்கிப் பல்கலைக்கழகத்தில் கிரெக் கெர்ஹார்ட், டான் கேஷ் குழுவினர் நேரடியாகச் சுரப்பையே அளந்தார்கள். 2002-இல் வந்த அவர்களின் முடிவு பலரின் எதிர்பார்ப்புக்கு மாறானது. டோபமைன் செல் தன் இழைகளின் நுனியில், ஸ்ட்ரயேட்டத்தில் மட்டும் சுரப்பதில்லை. கரும்பகுதியிலேயே தன் உடலிலிருந்தும் குறுங்கிளைகளிலிருந்தும் சுரக்கிறது. பக்கத்துச் செல்களையும் தன்னையும் கட்டுப்படுத்த அது உதவுகிறது. முதிய குரங்குகளில் முதலில் தளர்ந்திருந்தது இந்த உள்ளூர்ச் சுரப்புதான். நுனியில் பெரிய மாற்றம் தெரியவில்லை. முதுமை மெலிவைத் தேடி எல்லாரும் ஸ்ட்ரயேட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தபோது, பழுது செல் இருக்கும் வீட்டிலேயே தொடங்கியிருந்தது.

அதே குழு 2003-இல் இன்னொரு படி போனது. ஜி.டி.என்.எஃப். என்ற வளர்ச்சிக் காரணியை முதிய ரீசஸ் குரங்குகளின் மூளைக்குள் தொடர்ந்து செலுத்தியபோது, தூண்டலுக்குச் சுரக்கும் டோபமைன் கூடியது. கை வேகமும் கூடியது. செத்தது உயிர்க்காது; உறங்கியது எழும். அந்த முதிய மூளையில் உறங்கியிருந்த செல்கள் கணிசமாக இருந்தன என்பதற்கு இதைவிட நேரடிச் சான்று கிடைப்பது அரிது. இங்கே பெங்களூருவின் 2010 ஆய்வு ஒன்று வந்து சேர்கிறது: ஜி.டி.என்.எஃப். வந்து பற்றும் ஏற்பிகள் வயதான இந்தியர்களின் கரும்பகுதியில் குறையாமல் நிற்கின்றன என்று அல்லாடி குழு காட்டியது. குரங்கில் எது வெளியிலிருந்து ஊட்டப்பட்டதோ, அதை வாங்கிக்கொள்ளும் வாசல் நம் முதியவர்களிடம் திறந்தே இருக்கிறது. அதற்காக ஜி.டி.என்.எஃப். மருந்தாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். பார்க்கின்சன் நோயாளிகளிடம் நடந்த சோதனைகளில் குரங்கில் தெரிந்த அளவு பலன் உறுதிப்படவில்லை. நோயாளியிடம் செல்களே செத்திருக்கின்றன. முதிய குரங்கிடம் அப்படி இல்லை. இந்த வேறுபாடும் அதில் ஒரு பங்கு வகிக்கலாம்.

வாங்கும் பக்கமும் தளர்கிறது. 1984-இலேயே டீன் வாங் குழு உயிருள்ள மனித மூளையைப் பெட் ஸ்கேனில் பார்த்து, வயதோடு டோபமைன் ஏற்பிகள் குறைவதைக் காட்டியது. அதன் பிறகு வந்த பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால், ஏற்பிகளும் மீள் இழுப்புக் கடத்தியும் பத்தாண்டுக்கு 4 முதல் 14 விழுக்காடு வரை குறைகின்றன. டோபமைனைத் தயாரிக்கும் திறன் மட்டும் பெரிதாகக் குறைவதாகத் தெரியவில்லை. வாங்குவோர் குறைந்தாலும் இருக்கும் செல்கள் ஈடுகட்டப் பாடுபடுகின்றன என்பது ஒரு வாசிப்பு. எனக்கு அது ஏற்கத்தக்கதாகவே படுகிறது.

நினைவாற்றலுக்கும் இதே கதைதான் என்று சொல்லிவிட ஆசையாக இருக்கும். முன்நெற்றிப் புறணியில் டோபமைனை வடித்துவிட்டால் இளங்குரங்கும் எங்கே உணவு வைக்கப்பட்டது என்பதைச் சில நொடிகூட நினைவில் நிறுத்த முடியாமல் தடுமாறும் என்று பாட்ரீசியா கோல்ட்மன் குழு 1979-இல் காட்டியது உண்மைதான். ஆனால் யேலில் ஏமி ஆர்ன்ஸ்டன் குழு 2011-இல் முதிய குரங்குகளின் அதே புறணியில் மங்கிப்போன செல்களை மீண்டும் துடிக்கவைத்தது நோரெபிநெஃப்ரின் ஏற்பி வழியாக வேலை செய்யும் மருந்தால். அங்கே டோபமைன் கூடினாலும் கெடுதல்தான். மறதி எல்லாவற்றையும் டோபமைன் தலையில் கட்டுவது இணையத்தின் பழக்கம். குரங்குகள் அதற்குச் சாட்சி சொல்லவில்லை.

பருத்திப்பட்டு நடைபாதைக்கு இதில் என்ன இருக்கிறது? கையிருப்பு என்ற ஒன்று இருக்கிறது. ஸ்ட்ரயேட்டத்து டோபமைனில் ஏறக்குறைய 70, 80 விழுக்காடு போன பிறகுதான் பார்க்கின்சன் அறிகுறிகள் வெளியே தெரியும் என்பது பழைய கணிப்பு. அவ்வளவு இடைவெளி இளவயதில் இருக்கிறது. முதுமையில் சுரப்பும் ஏற்பியும் தளர்ந்து அந்த இடைவெளி ஒடுங்கிவிடுகிறது. அப்போது ஒரு சின்னத் தள்ளு போதும். அந்தத் தள்ளு நம் ஊரில் பெரும்பாலும் மாத்திரை வடிவில் வருகிறது.

வயிற்று உப்புசத்துக்கும் நெஞ்செரிச்சலுக்கும் "கேஸ் மாத்திரை" என்ற பெயரில் தரப்படும் கூட்டு மாத்திரைகள் சிலவற்றில் லெவோசல்பிரைடு இருக்கிறது. அதுவும், வாந்திக்குத் தரும் மெட்டோகுளோப்ரமைடும், தலைச்சுற்றலுக்கு மாதக்கணக்கில் விழுங்கப்படும் சின்னாரிசினும், ஒற்றைத் தலைவலிக்கான ஃப்ளூனாரிசினும் டோபமைன் ஏற்பிகளை அடைப்பவை. சீட்டு இல்லாமல் தரக்கூடாத மருந்துகள்தான் இவை. ஆனால் பழைய சீட்டைக் காட்டி, அல்லது காலி அட்டையைக் காட்டி, மூலைக்கடையில் மீண்டும் மீண்டும் வாங்குவது நமக்கெல்லாம் தெரிந்த பழக்கம். ஐரோப்பிய மருந்து முகமை 2013-இல் மெட்டோகுளோப்ரமைடை ஐந்து நாளுக்கு மேல் தரக்கூடாது என்று வரம்பு போட்டதற்கு நரம்புப் பக்க விளைவுகளே காரணம். முப்பது வயதுக்காரர் இதே மாத்திரையைச் சில வாரம் விழுங்கினால் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. எழுபத்தைந்து வயதுக்காரருக்கு நடை சிறுகும், முகம் இறுகும், கை நடுங்கும். வீட்டார் வயதைக் காரணம் சொல்வார்கள். சில நேரம் மருத்துவரே பார்க்கின்சன் என்று எண்ணி எல்-டோபா எழுதுவார். அது ஏற்பி அடைபட்ட இடத்தில் அதிகம் உதவாது.

இரண்டையும் பிரித்தறிய இப்போது வழி உண்டு. டோபமைன் கடத்திப் புரதத்தைப் படம்பிடிக்கும் ட்ரோடாட் ஸ்கேன் இந்தியாவிலேயே எடுக்கப்படுகிறது. பார்க்கின்சனில் ஸ்ட்ரயேட்டம் மங்கித் தெரியும். மாத்திரையால் வந்ததானால் ஒளி ஏறக்குறைய முழுதாக இருக்கும், ஏனென்றால் செல்லும் இழையும் நுனியும் அங்கேயே இருக்கின்றன. பெரும்பாலும் ஸ்கேனுக்கு முன்பே விடை கிடைத்துவிடும்: கடந்த ஆறு மாதத்தில் விழுங்கிய எல்லா அட்டைகளையும் பையில் போட்டு நரம்பியல் மருத்துவரிடம் எடுத்துப் போவது. அவர் சொல்லும் முறையில் மாத்திரையை நிறுத்தினால் சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் பெரும்பாலானோருக்கு நடை திரும்புகிறது. ஒரு சிலருக்குத் திரும்புவதில்லை. அவர்களுக்கு நோய் ஏற்கெனவே உள்ளே இருந்திருக்கிறது. மாத்திரை அதைச் சில ஆண்டு முன்னதாக வெளியே காட்டிவிட்டது.